இலவச கரண்டை நிறுத்தினால் கிணறு நிரம்பிவிடுமா?

கேள்வி: வடவள்ளி வாசகர், 19 ஆகஸ்ட் 2024

பவானி ஆற்று உபரி நீரைக் குழாயில் குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் முந்தாநாள் திறந்தாயிற்று, சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இங்கே சிலர் எதற்கெடுத்தாலும் 'சிஸ்டம்ஸ் திங்கிங்' என்கிறீர்கள், ஒன்றைத் தனியாகப் பார்க்காமல் அதைச் சுற்றியிருப்பதோடு சேர்த்துப் பார்க்கிற முறையாம். நாலு வட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்து, கடைசியில் எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்பு என்று முடிக்கிறீர்கள். அதைச் சொல்ல எங்கள் பாட்டியே போதும். கொங்குப் பக்கம் நிலத்தடி நீர் போனதற்குக் காரணம் ஒன்றுதான், விவசாயத்துக்கு இலவச மின்சாரம். அதை நிறுத்துங்கள், பத்து வருடத்தில் கிணறு நிரம்பும். இதற்கு எதற்குப் படம்? இந்த முறையால் ஒரு பிரச்சினையாவது உருப்படியாகத் தீர்ந்ததுண்டா?

மேட்டாங்காட்டான், 19 ஆகஸ்ட் 2024, இரவு

படம் வரைகிற கூட்டத்தில் நானும் ஒருத்தன், அதனால் பதில் சொல்லியாக வேண்டும். பாட்டி சொன்னது சரிதான். ஆனால் எது எதை எந்தப் பக்கம் இழுக்கிறது, அது எத்தனை வருடம் கழித்து நம் வாசலுக்கு வருகிறது என்று பாட்டி சொல்லவில்லை. எனக்கு அந்த இரண்டும்தான் வேண்டும்.

எங்கள் தோட்டம் பொங்கலூர் பக்கம், பி.ஏ.பி. (பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலின் கடைமடை. அப்பாரு காலத்தில் கிணறு 60 அடி, கவலை ஏற்றம். அப்புறம் கரண்ட் மோட்டார் வந்தது. 1991இல் கிணற்றுக்குள்ளேயே சைடு போர் போட்டோம், ஒன்றரை இன்ச் தண்ணீர் பீறிட்டு வந்தது. நான் பள்ளிக்கூடப் பையன், அன்று கிணற்று மேட்டில் நின்று கைதட்டியது நினைவிருக்கிறது. 1996இல் போர் 320 அடி. 2004இல் 680. 2017இல் 1,050. ஒவ்வொரு தடவையும் காரணம் ஒன்றே: பக்கத்துத் தோட்டத்தில் எங்களைவிட ஆழமாகப் போட்டுவிட்டார்கள். அவர்களைக் கேட்டால் எங்களைக் கைகாட்டுவார்கள்.

தண்ணீர் இறங்கினால் ஆழம் போகிறோம். ஆழம் போகக் கடன் வாங்குகிறோம். கடனை அடைக்கக் காசு தருகிற பயிர் வேண்டும்: வாழை, தக்காளி, கடைசியில் தென்னை. அதற்குத் தண்ணீர் கூடுதல், ஆகவே தண்ணீர் இன்னும் இறங்குகிறது. ஒரு தோட்டத்துக்கு ஒரு செக்கு. பக்கத்துத் தோட்டத்திலும் ஒரு செக்கு சுற்றுகிறது. இரண்டுக்கும் அடியில் பாறை இடுக்கில் கிடக்கிற தண்ணீர் மட்டும் ஒன்று.

இதில் இலவச கரண்ட் எங்கே வருகிறது? செக்குமாட்டுக்குத் தீவனம் அது. தீவனத்தை நிறுத்தினால் மாடு நிற்கும், சரி. ஆனால் எந்த மாடு முதலில் நிற்கும்? இரண்டு ஏக்கர்க்காரனின் மாடு. முப்பது ஏக்கர் தென்னை வைத்திருப்பவர் பில்லைக் கட்டிவிட்டு இறைப்பார், பங்குக்கு வருகிற ஆள் குறைந்ததில் அவருக்கு வசதிதான். விலை வைத்தால் இறைப்பு கொஞ்சம் குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. கிணறு நிரம்பும் என்பதைத்தான் நம்பவில்லை.

20 ஆகஸ்ட் 2024

"1990க்கு முன்னால் காசு கொடுத்துத்தானே இறைத்தீர்கள், அப்போது எப்படி இருந்தது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

நீலகிரியின் பைக்காரா மின்சாரம் 1932இல் மலையிலிருந்து இறங்கியது. மில், ஃபவுண்டரி, அதன் பின்னாலேயே பம்புசெட் தயாரிப்பு என்று கோயம்புத்தூர் வளர்ந்தது. பம்பு செய்கிற ஊருக்குப் பக்கத்தில்தான் கிணறும் அதிகம். மின்கட்டணம் ஒரு பைசா ஏறியதை எதிர்த்து 1970இல் நடந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு, மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவைக்குள் இறங்கின. 1984இல் சிறு, குறு விவசாயிகளுக்கு இலவசம், 1990இல் எல்லோருக்கும்.

கட்டணம் இருந்த காலத்திலேயே கிணறு ஆழமாகிக்கொண்டுதான் இருந்தது. இலவசம் அந்த ஓட்டத்தை வேகமாக்கியது. இன்னொன்று: மூன்று உயிர் போய்க் கிடைத்த சலுகை, எங்கள் பக்கம் அதன் பெயர் சலுகைகூட இல்லை, உரிமை. எக்செல் ஷீட்டில் ஒரு வரியை அழிப்பது போல அதை நிறுத்த முடியாது. படத்தில் கட்டணம் மட்டும் இருந்து பெருமாநல்லூர் இல்லாவிட்டால் அந்தப் படம் பொய்.

20 ஆகஸ்ட் 2024, கொஞ்ச நேரம் கழித்து

ஒரு சின்னச் சுழலைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். ஊரில் மோட்டார் காயில் கட்டுகிற கடைக்காரர் எவரும் இதைப் படமே இல்லாமல் சொல்லிவிடுவார்.

மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வராது, எப்போது வரும் என்பதும் நிச்சயமில்லை. அதனால் எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறோம். கரண்ட் வந்த அடுத்த நொடி ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற அத்தனை மோட்டாரும் ஒன்றாக எழும். வோல்டேஜ் படுக்கும். காயில் எரியும். கடைக்காரர் கட்டித் தந்துவிட்டு, "ஏழரை எச்.பி. தாங்காதுங்க, பத்து போட்டுருங்க" என்பார். பத்து போடுவோம். வோல்டேஜ் இன்னும் படுக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் காயில் எரியும், அவரும் பத்து போடுவார்.

இதில் யார் முட்டாள்? ஒருவரும் இல்லை. அவரவர் இடத்தில் நின்று பார்த்தால் அவரவர் செய்வது சரி. எனக்கு இந்த விஷயத்தில் பிடிப்பு வந்ததே இங்கேதான், புத்தகத்தில் இல்லை. எரிந்த காயிலின் வாடை தெரியுமல்லவா, வார்னிஷும் முடியும் சேர்ந்து கருகின மாதிரி. அதை முகர்ந்துகொண்டு கடை வாசலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு முன்னால் ஏழு மோட்டார் வரிசையில் கிடந்தது. ஏழும் எங்கள் டிரான்ஸ்ஃபார்மர்.

தீர்ந்ததுண்டா என்று கேட்டீர்களே. குஜராத்தில் 2003 வாக்கில் ஜோதிகிராம் என்று ஆரம்பித்தார்கள். வீட்டு லைனையும் தோட்டத்து லைனையும் பிரித்தார்கள். தோட்டத்துக்கு எட்டு மணி நேரம், ஆனால் முழு வோல்டேஜ், சொன்ன நேரத்தில். கரண்டுக்கு விலை ஏற்றிச் சண்டை போடவில்லை, நேரத்துக்கு வரம்பு கட்டினார்கள். காயில் எரிவது குறைந்தது, கிராமத்து வீடுகளுக்கு நாள் முழுக்க மின்சாரம் வந்தது. முழுத் தீர்வா? இல்லை. போர் வைத்திருப்பவரிடம் தண்ணீரை விலைக்கு வாங்கிப் பயிர் செய்த குத்தகைக்காரர்களுக்குத் தண்ணீர் விலை ஏறியது, சிலருக்குக் கிடைக்கவே இல்லை.

22 ஆகஸ்ட் 2024

'சிஸ்டம்ஸ் திங்கிங்' என்பதற்குத் தமிழில் என்ன என்று ஒரு கிளைச் சண்டை ஓடுகிறது. அமைப்புச் சிந்தனை என்றால் ஏதோ கட்சி அமைப்பு மாதிரி இருக்கிறது. சிஸ்டம் என்றாலோ, 2017இல் ரஜினி அது கெட்டுப்போனதாகச் சொன்னதிலிருந்து எங்கள் டீக்கடையில் பஸ் லேட்டானால்கூடச் சிஸ்டத்தைத்தான் திட்டுகிறார்கள். எங்கள் அப்பா 'வரத்து போக்கு' என்பார். குளத்துக்கு வரத்து எவ்வளவு, போக்கு எவ்வளவு, இருப்பு எவ்வளவு. எனக்கு அது போதும்.

25 ஆகஸ்ட் 2024

ஒரு கொசுறு. இந்த வட்டம், அம்புக்குறிப் படங்களுக்கு அடிப்படையான 'சிஸ்டம் டைனமிக்ஸ்' துறையை எம்.ஐ.டி.யில் 1950களில் தொடங்கிய ஜே ஃபாரஸ்டர் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். பள்ளியில் படிக்கும்போதே பழைய கார் பாகங்களை வைத்துக் காற்றாலை ஒன்று செய்து, அந்தப் பண்ணைக்கு முதல் கரண்டைக் கொடுத்தாராம். கரண்ட் இல்லாத தோட்டத்துப் பையன்தான் ஆரம்பம் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் நெருக்கமாகிவிட்டார்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று உண்டு. எந்த இடத்தில் கை வைத்தால் மாறும் என்று ஆட்களுக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருக்கிறது. கை வைக்கிறார்கள், ஆனால் எதிர்ப்பக்கம் தள்ளுகிறார்கள்.

பஞ்சாபைப் பாருங்கள். அங்கேயும் 1997இலிருந்து தோட்டத்துக்குக் கரண்ட் இலவசம், அங்கேயும் தண்ணீர் பாதாளத்தில். கோடையிலேயே நெல் நட்டால் தண்ணீர் ஆவியாகிப் போகிறது என்று 2008இல் சட்டம் போட்டார்கள்: ஜூன் 10க்கு முன்னால் நாற்று நடக் கூடாது. யோசனை நியாயமானது. ஆனால் நடவு தள்ளினால் அறுப்பும் தள்ளும். அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவில் கிடைப்பது இரண்டு மூன்று வாரம். அறுப்பு இயந்திரம் விட்டுப்போன தாளை அதற்குள் அகற்ற முடியாது, தீ வைக்கிறார்கள். தீ வைக்கிற நாள் தள்ளிப்போய், காற்று அசையாமல் குளிர் இறங்குகிற நவம்பர் ஓரத்துக்கு வந்துவிட்டது. புகை டெல்லியில் போய் உட்காருகிறது. கிணற்றை மிச்சம் பிடிக்கப் போட்ட சட்டம் இருநூறு மைலுக்கு அப்பால் குழந்தைக்கு இருமலாகிறது. புகைக்கு அந்தச் சட்டம் மட்டுமே காரணம் என்று சொன்னால் நானும் உங்களைப் போல ஒற்றைக் காரணக்காரன் ஆகிவிடுவேன். வேர் நெல்லை அரசு கொள்முதல் செய்வதில் இருக்கிறது: வாங்க ஆள் இருக்கிற பயிரை விட்டு எந்த விவசாயி வெளியே வருவான்?

26 ஆகஸ்ட் 2024

திருத்தம். மேலே 2008 சட்டம் என்றேன். 2008இல் வந்தது அவசரச் சட்டம், சட்டசபையில் நிறைவேறியது 2009. சுட்டிக்காட்டியவர் லூதியானாவில் வேலை பார்த்தவராம். தேதியையும் அப்புறம் ஜூன் கடைசிப் பக்கமாக நகர்த்தினார்கள் என்கிறார். அதுவும் சரி.

3 செப்டம்பர் 2024

"சரி, நீங்கள் என்ன செய்தீர்கள்" என்று வடவள்ளிக்காரர் விடாமல் கேட்கிறார். செய்திருக்கிறேன். 2018இல் முழுத் தோட்டத்துக்கும் சொட்டுநீர் போட்டேன். அரசு மானியம் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. மடை கட்டிப் பாய்ச்சிய காலத்தில் தென்னை வட்டப்பாத்தி முழுக்க நிற்கிற தண்ணீர் இப்போது கிடையாது, மரத்துக்கு நாலு சொட்டுவாய். பாய்ச்ச ஆள் தேட வேண்டியதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன ஆள் எவரும் மண்வெட்டி பிடிக்கத் திரும்பி வரப்போவதில்லை, அது வேறு கதை. என் கணக்கில் பாதித் தண்ணீர் மிச்சம். இதுவும் தீர்வுதான், எழுதிக்கொள்ளுங்கள்.

3 செப்டம்பர் 2024, நள்ளிரவு

எழுதிக்கொள்ள வேண்டாம்.

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். சொட்டுநீருக்கு முன்னால் பாய்ச்சல் நிலம் நாலு ஏக்கர். மேட்டாங்காடு மூன்று ஏக்கர் மானாவாரி, சோளமும் கொள்ளும். தண்ணீர் 'மிச்சமானதும்' நான் என்ன செய்தேன்? மேட்டாங்காட்டிலும் குழாய் இழுத்துத் தென்னை வைத்தேன். இப்போது ஏழு ஏக்கரும் தென்னை. மோட்டார் ஓடுகிற நேரம் ஒரு மணிகூடக் குறையவில்லை, கரண்ட் இருக்கும் வரை ஓடுகிறது. மடையில் பாய்ந்தபோது கொஞ்சமாவது மண்ணுக்குள் திரும்பி இறங்கியது, இப்போது அதுவும் இல்லை. பூமிக்குக் கிடைத்த மிச்சம் பூஜ்யம், இல்லை அதற்கும் கீழே.

1865இலேயே ஜெவோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் நிலக்கரிக்கு இதைத்தான் எழுதினார். சிக்கனமான எஞ்சின் வந்தால் கரி எரிப்பு கூடும் என்று. படித்திருக்கிறேன், இங்கேயே நாலு பேருக்கு விளக்கியும் இருக்கிறேன். என் தோட்டத்துக்கு அது பொருந்தும் என்று ஆறு வருடம் தோன்றவில்லை.

சோளம் விதைத்திருந்தால் மழை இல்லாத வருடம் விதைக்காமல் விட்டிருக்கலாம். தென்னையை அப்படி விட முடியாது. பஞ்சம் வந்தால் டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றியாவது மரத்தைப் பிடித்து வைக்க வேண்டும். 2017இல் அப்படி ஊற்றியவர்களில் நானும் உண்டு. அந்த லாரித் தண்ணீரும் யாரோ ஒருத்தர் போரில் இறைத்ததுதான்.

14 செப்டம்பர் 2024

நொய்யல் பக்கம் பேச்சு போய்விட்டது, போகட்டும். ஒரத்துப்பாளையம் அணையைப் பார்க்காதவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். 1992இல் பாசனத்துக்காகக் கட்டியது. மேலே திருப்பூரில் பனியன் ஏற்றுமதி ஏற, சாயக்கழிவு அணையில் வந்து தேங்கியது. கடைசியில் பாசன விவசாயிகளே "அணையைத் திறக்காதீர்கள்" என்று சொல்கிற நிலை. தமிழ்நாட்டில் வேறெங்காவது விவசாயி தண்ணீர் வேண்டாம் என்று போராடியிருக்கிறானா? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சுத்திகரித்துச் சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் ஓட்டலாம் என்ற ஏற்பாட்டுக்கு அப்புறம்தான் ஊர் மறுபடி மூச்சு விட்டது.

நான் அப்போது ஒரு பிரின்டிங் யூனிட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் சம்பளம் இல்லை. அந்த நாட்களில் கோர்ட்டைத் திட்டினேன். அதே வாரம் ஊருக்குப் போனால் சாயத்தண்ணீர் குடித்து ஆடு செத்த கதையைக் கேட்டுச் சாயப்பட்டறையைத் திட்டுவேன். திங்களிலிருந்து சனி வரை ஒரு கட்சி, ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்சி. படத்தில் என்னை எந்த வட்டத்தில் போடுவது?

29 செப்டம்பர் 2024

அத்திக்கடவுக்கே வருகிறேன், கேள்வி அதில்தான் தொடங்கியது. அம்மா ஊர் அன்னூர் பக்கம். அப்புச்சி சாகும்வரை இந்தத் திட்டம் வரும் வரும் என்றுதான் பேசினார், அறுபது வருடக் கோரிக்கை. ஊர்க்குட்டைக்குக் குழாயில் தண்ணீர் விழுகிற வீடியோவை மாமா அனுப்பினார். பின்னால் குலவைச் சத்தம். நான் அழுதேன், அதை மறைக்கவில்லை.

அப்புறம் கால்குலேட்டரை எடுத்தேன்.

பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரி நீர் வருகிற சுமார் 70 நாளுக்கு விநாடிக்கு 250 கன அடி. மொத்தம் ஒன்றரை டி.எம்.சி. குளம் குட்டைகள் 1,045. பயன் பெறும் நிலம் 24,468 ஏக்கர். வகுத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 17 லட்சம் லிட்டர், அதுவும் ஒரு சொட்டுக்கூட வெயிலில் போகவில்லை என்று வைத்துக்கொண்டால். ஒரு ஏக்கரில் 70 தென்னை, சொட்டுநீரில் மரத்துக்கு நாளைக்கு 80 லிட்டர், வருடம் 365 நாள்: 20 லட்சம் லிட்டர். மழையைச் சேர்க்காத கணக்கு இது. மழை நாளில் மோட்டாரை நிறுத்தி வைத்தால் கொஞ்சம் குறையும்.

ஆக, இந்தத் தண்ணீர் ஒரு போகத்துக்கு உதவும், குடிநீர்க் கிணற்றுக்கு உதவும், ஆடு மாட்டுக்கு உதவும். தண்ணீர் வந்துவிட்டதே என்று ஊரே தென்னை வைத்தால், வந்ததைவிட அதிகம் போகும். மாமாவிடம் போனில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நாத்து சொல்லி வெச்சுட்டேனே கண்ணு" என்றார். நூறு தென்னங்கன்று.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மேலே நள்ளிரவுக் குறிப்பைப் பார்க்கவும்.

30 செப்டம்பர் 2024

பி.ஏ.பி.யிலும் இதே கதையின் பழைய பதிப்பு நடந்திருக்கிறது. எல்லோருக்கும் தண்ணீர் என்று ஆயக்கட்டை விரித்துக்கொண்டே போய் 3.77 லட்சம் ஏக்கர் ஆனது. அணைத் தண்ணீர் கூடவில்லை. நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்ததில், ஒரு மண்டலத்துக்கு வந்து போனால் மறுமுறை ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்து. இரண்டு வருடம் எந்தப் பயிர் காத்திருக்கும்? ஆகவே வாய்க்கால் ஓரமாக அரை ஏக்கர் வாங்கிக் கிணறு வெட்டி, வாய்க்கால் கசிவை அங்கிருந்து மைல் கணக்கில் குழாயில் கொண்டுபோகிறவர்கள் வந்தார்கள். கிணறு அவர்களுடையது, கசிவு எங்களுடையது. கடைமடையில் நாங்கள் காத்திருந்து காத்திருந்து போர் போட்டோம்.

21 நவம்பர் 2024

இரண்டு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. காரணம் உண்டு.

முதல் குறிப்பில் 1991 சைடு போரைப் பற்றி எழுதி, கைதட்டினேன் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அது எந்தப் பக்கமாப் போட்டதுன்னு எழுதலையா" என்று கேட்டார்.

கிழக்கே. சைடு போர் கிணற்றின் அடியிலிருந்து கிடையாகப் போகும், நூறு அடிக்கு மேல். எங்கள் கிணற்றுக்குக் கிழக்கே நாற்பது அடியில் வரப்பு. அதற்கப்பால் பங்காளி வீட்டுப் பெரியப்பா தோட்டம். அவர் கிணற்றில் அந்தக் கோடையில் ஊற்று நின்றது. அவர் சைடு போர் போட வசதி இல்லாதவர். இரண்டு வருடம் பார்த்துவிட்டு நிலத்தை விற்றார், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். நிலத்தை வாங்கியது யார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன். மேட்டாங்காடு என்று நான் இங்கே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேனே, அந்த மூன்று ஏக்கர்தான்.

நல்ல விலைக்குத்தான் வாங்கினோம் என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம்.

என் வீட்டுச் சுவரில் ஒரு பெரிய சார்ட் ஒட்டியிருக்கிறேன். மழை, கிணறு, கடன், கரண்ட், தென்னை, கொப்பரை விலை, ரிக் வண்டி, கூலி ஆள் என்று பதினேழு வட்டம். மூன்று வருடமாகத் திருத்தித் திருத்தி வரைந்தது. அதில் பெரியப்பா இல்லை. நானும் இல்லை. 'விவசாயி' என்று ஒரு வட்டம் மட்டும் இருந்தது, பொதுவாக.

8 டிசம்பர் 2024

"அழுகாச்சி போதும், அடுத்து என்ன" என்று ஒருவர். சரி.

சிஸ்டம்ஸ் திங்கிங் பற்றி எழுதிய டொனெல்லா மெடோஸ் ஓரிடத்தில் ஆம்ஸ்டர்டாம் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். ஒரே மாதிரி வீடுகள், சில வீட்டில் மின் மீட்டர் நிலவறையில், சில வீட்டில் வாசல் கூடத்தில் கண்ணில் படுகிற மாதிரி. வாசலில் மீட்டர் இருந்த வீடுகளில் மின் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைவு. விலை ஒன்றே, சட்டம் ஒன்றே.

எங்கள் பக்கம் மீட்டர் என்ற சொல்லை எடுத்தாலே அடிக்க வருவார்கள். மீட்டர் வந்தால் பின்னாலேயே பில் வரும் என்ற பயம், பெருமாநல்லூர்ப் பயம், அதில் நியாயம் உண்டு. ஆனால் கரண்டை அளக்காமல் தண்ணீரை அளக்கலாமே. 2000களில் ஆந்திராவில் ஏழு வறட்சி மாவட்டங்களில் விவசாயிகளே கிணற்று மட்டத்தையும் மழையையும் அளந்து, ஊர் கூடி, ரபி பருவத்துக்கு என்ன போடலாம் என்று கணக்குப் பார்த்தார்கள். யாரையும் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை, இருப்பைக் காட்டினார்கள். பல ஊரில் ஆட்கள் தாங்களே நெல்லைக் குறைத்தார்கள். மகாராஷ்டிராவின் ஹிவ்ரே பஜார் இன்னும் ஒரு படி போய், பாசனத்துக்குப் போர்வெல்லே கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு வைத்தது. வருடா வருடம் தண்ணீர் பட்ஜெட். ஆனால் அது ஒரே ஊர், மலை சூழ்ந்த நிலம், போபட்ராவ் பவார் மாதிரி முப்பது வருடம் விடாத தலைவர். எங்கள் ஊரில் பாதி நிலம் கோயம்புத்தூரில் குடியிருப்பவர்களுடையது. அவர்களை எந்த மரத்தடியில் கூட்டுவது?

அம்மா ஊரில் மைத்துனன் ஒருத்தன் ஒப்புக்கொண்டான். கோயில் கிணறு இருக்கிறது, யாரும் இறைப்பதில்லை, மட்டம் பொய் சொல்லாது. ஞாயிறு காலையில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த இடம் வரை முழம் போட்டு, பால் சொசைட்டிச் சுவரில் சாக்பீஸால் எழுதுவது. ஊர் முழுக்க இரண்டு வேளை வந்து நிற்கிற இடம் அதுதான். முதல் ஞாயிறு: தண்ணீர் வரை 52 அடி ஆழம்.

9 டிசம்பர் 2024

முழம் போட்டால் அடி எப்படி வரும் என்று கேட்பவருக்கு: டேப்தான் வைத்து அளந்தான். முழம் என்றது பேச்சுக்கு.

19 ஜனவரி 2025

46 அடி. மழையும் உண்டு, குட்டையும் உண்டு, எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. ஊரில் ஆளுக்கொரு வியாக்கியானம். இரண்டு தெரு தள்ளியிருக்கிற கிணற்றில் ஒரு அடிகூட ஏறவில்லை என்று சண்டை. அடியில் பாறை எப்படிப் பிளந்திருக்கிறதோ அப்படித்தான் ஏறும். "நம்ம குட்டைத் தண்ணி அவன் கிணத்துக்கா போகுது" என்று கேட்டார்களாம். கேட்கட்டும். முதல் தடவையாக அடியில் இருக்கிற தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பால் ஊற்றுகிற வரிசையில் பேசியிருக்கிறார்கள்.

மாமா நூறு கன்றில் நாற்பதை நட்டிருக்கிறார். மிச்ச இடத்தில் மக்காச்சோளம். என் கால்குலேட்டரா, கன்று விலையா, சுவரில் இருந்த எண்ணா என்று கேட்டேன். "முதுகு வலி, குழி வெட்ட ஆள் கிடைக்கல" என்றார்.

16 மார்ச் 2025

சுவர் போய்விட்டது. வெள்ளையடித்து ஒரு கட்சி முன்பதிவு செய்திருக்கிறது, பெரிய எழுத்தில் 2026 என்று. மைத்துனன் போட்டோ அனுப்பினான். அவர்களும் ஒரு எண்ணைத்தான் எழுதியிருக்கிறார்கள், அளக்காமல்.

17 மார்ச் 2025

வடவள்ளிக்காரர் கேட்கிறார்: ஏழு மாதம் ஆயிற்று, உருப்படியாக என்ன தீர்ந்தது? ஒன்றும் தீரவில்லை. உங்கள் பக்கம் ஒரு படி வருகிறேன்: இலவசம் இருக்கும் வரை கடைசி ஒரு மணி நேர இறைப்பை நிறுத்த யாருக்கும் காரணம் இல்லை, அது உண்மை. மிச்சம் பிடித்த கரண்டுக்கு விவசாயிக்கே காசு கொடுக்கலாம் என்று ஒரு யோசனை உண்டு, பஞ்சாபில் முயன்று பார்த்தார்கள். நம் ஊரிலும் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அதற்கும் மீட்டர் வேண்டும்.

என் மேட்டாங்காட்டுத் தென்னையில் வரப்போரம் இரண்டு வரிசைக்கு வெள்ளை ஈ பிடித்திருந்தது. அவற்றை எடுத்துவிட்டேன், குழாயையும் சுருட்டிவிட்டேன். பெரிய தியாகம் ஒன்றுமில்லை, காய்க்காத மரங்கள். அங்கே இந்த ஆடி மழைக்குச் சோளம். பெரியப்பா மகனிடம் போனில் சொன்னேன். "கொள்ளும் போடுங்கண்ணா, அப்பா போட்டா நல்லா வரும்" என்றான். வேறொன்றும் பேசவில்லை.

20 ஏப்ரல் 2025

மைத்துனன் கொடிவேரி போயிருந்தான், இந்த ஞாயிறு அளக்கவில்லை என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் மாமா ஒரு போட்டோ அனுப்பினார். பால் சொசைட்டித் தூண், கேன் வைக்கிற திண்ணைக்கு மேலே, சாக்பீஸில் 49. எழுத்து மைத்துனனுடையது இல்லை. யார் அளந்தது என்று கேட்டேன், தெரியவில்லை என்றார்.

போட்டோவின் ஓரத்தில் ரோட்டில் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று நிற்கிறது. யார் தோட்டத்துக்கு என்று கேட்டேன். அது தெரிந்திருக்கிறது. "கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தருக்கு. ஆயிரத்து இருநூறு அடிக்குப் பேசியிருக்காங்களாம் கண்ணு."